உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் ஃபங்ஷன்கள்: பாதுகாப்பு விதிகளை எங்கே எழுதி வைப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் நகை அடகுக் கடைக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் பலகாரக் கடைக்கும் மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுக்கள் உண்டு. இரண்டு மூன்று பேர், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கைக்கு அடங்கிய அளவில் வாடிக்கையாளர்கள். அப்படிப்பட்ட நண்பர்கள், உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன்களைப் பற்றி அடிக்கடி கேட்பது இதுதான்: "செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் எழுதும்போது என்ன கவனிக்கணும்னு எங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? எங்கே எழுதி வைக்கிறது?"

எழுதி வைக்க நான்கு இடங்கள் இருக்கின்றன: தனி ஆவணம், மைக்ரேஷன் கோப்பின் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கட்டளைகள் உள்ள கோப்பு) தலைக்குறிப்பு, டேட்டாபேஸுக்குள் ஃபங்ஷனோடு ஒட்டி நிற்கும் கமென்ட், ஓட்டிப் பார்க்கும் சோதனை. நான்கையும் செய்யலாமே என்றால், இரண்டு பேர் உள்ள குழுவால் நான்கையும் ஒழுங்காக வைத்திருக்க முடியாது. பழையதாகிப்போன பாதுகாப்புக் குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம். அதை நம்பி ஒருவர் சரிபார்க்காமல் போய்விடுவார். அதனால் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

## முதலில், என்ன விதிகள்?

போஸ்ட்கிரெஸில் ஒரு ஃபங்ஷன் சாதாரணமாக, அதைக் கூப்பிடுகிறவரின் உரிமையில்தான் ஓடும். செக்யூரிட்டி டிஃபைனர் என்று சொல்லி உருவாக்கினால், அது ஃபங்ஷனின் உரிமையாளருக்கு உள்ள உரிமையில் ஓடும். (ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் இது தலைகீழ். அங்கே எதுவும் சொல்லாவிட்டால் உரிமையாளர் உரிமைதான். அங்கிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

அடகுக் கடை உதாரணத்தையே வைத்துக்கொள்வோம். காசாளருக்குக் கடன் டேபிளை நேரடியாகத் திருத்தும் உரிமை கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் நகை மீட்க வரும்போது, கடை முதலாளி ஒப்புக்கொண்ட வரம்புக்குள், சொல்லுங்கள் 500 ரூபாய் வரை, வட்டியைத் தள்ளுபடி செய்ய அவரால் முடிய வேண்டும். இதற்கு வட்டித் தள்ளுபடி ஃபங்ஷன் ஒன்று எழுதுகிறோம். அது வரம்பு டேபிளைப் பார்க்கும், கடனைத் திருத்தும், பதிவேட்டில் ஒரு வரி எழுதும். டேபிளின் கதவு காசாளருக்குத் திறக்கவே இல்லை. இது மிகச் சரியான பயன்பாடு.

பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அங்கே கடையை நடத்துகிற ஏஜெண்டு அவர் கொடுத்த பவர் பத்திரத்தின் பலத்தில், பொதுவாக மூன்று வருடக் கெடுவில், கையெழுத்துப் போடுவார். செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் அந்த ஏஜெண்டு மாதிரி. அவர் கையெழுத்து முதலாளியைக் கட்டுப்படுத்தும். எனவே எதற்கெல்லாம் கையெழுத்துப் போடலாம், யார் சொன்னால் போடலாம் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை இவை.

சர்ச் பாத்தைப் பூட்டுவது. இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபங்ஷனுக்குள் வரம்பு டேபிளின் பெயரை ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பகுதி) பெயர் இல்லாமல் எழுதியிருந்தால், எந்த டேபிள் என்பதைச் சர்ச் பாத், அதாவது ஸ்கீமாக்களைத் தேடும் வரிசை, முடிவு செய்யும். அந்தச் சர்ச் பாத், கூப்பிடுகிறவரின் செஷனிலிருந்து வருவது. அதோடு, டேபிள்களைத் தேடும்போது தற்காலிக ஸ்கீமாவான பிஜி டெம்ப் தான், வேறு மாதிரி சொல்லாத வரை, முதலில் பார்க்கப்படும். தற்காலிக டேபிள் உருவாக்கும் உரிமையும் இயல்பாகவே எல்லோருக்கும் உண்டு. ஆகவே காசாளர் அதே பெயரில் ஒரு தற்காலிக டேபிள் உருவாக்கி, அதில் வரம்பு 1,00,000 என்று எழுதி, எல்லோருக்கும் படிக்கும் உரிமை கொடுத்துவிட்டு நம் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போதும். ஃபங்ஷன் முதலாளியின் அதிகாரத்தில் ஓடும், காசாளர் எழுதிய வரம்பைப் படிக்கும். கடவுச்சொல் உடைப்போ வேறு வித்தையோ எதுவும் தேவையில்லை. பூட்டுவது எளிது: ஃபங்ஷன் வரையறையிலேயே சர்ச் பாத்தை அமைத்து, நம் ஸ்கீமாவை முன்னாலும் பிஜி டெம்ப்பைக் கடைசியிலும் எழுத வேண்டும். 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

பாதையில் வரும் ஸ்கீமாக்களில் வேறு யாரும் எதையும் உருவாக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். 2022-ல் வந்த 15-ஆம் பதிப்புக்கு முன், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் பொருட்களை உருவாக்கலாம் என்பதே இயல்பு நிலை. 2018-ல் 1058 என்ற எண்ணில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் குறை இதிலிருந்து வந்ததுதான். பழைய டேட்டாபேஸை 15-க்கு மேம்படுத்தினால் பழைய அனுமதி கூடவே வரும். பதிப்பு எண் புதிது என்பதால் மட்டும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கூப்பிடும் உரிமை. புதிதாக உருவாக்கும் எந்த ஃபங்ஷனையும் எல்லோரும் கூப்பிடலாம் என்பதே இயல்பு. உருவாக்குவதும், எல்லோரிடமிருந்தும் உரிமையைப் பறிப்பதும், வேண்டிய ரோலுக்குக் (டேட்டாபேஸ் பயனர் அல்லது பயனர் குழு) கொடுப்பதும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும். நடுவில் ஒரு நொடிகூடக் கதவு திறந்திருக்கக் கூடாது.

உரிமையாளர் யார். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராக இருக்கக் கூடாது. லாகின் செய்ய முடியாத, தேவையான டேபிள்களுக்கு மட்டும் உரிமை உள்ள தனி ரோல் ஒன்று போதும்.

கூப்பிட்டது யார். ஃபங்ஷனுக்குள் கரன்ட் யூசர் என்று கேட்டால் உரிமையாளர் பெயர்தான் வரும். பதிவேட்டில் அதை எழுதினால், எல்லாத் தள்ளுபடியும் முதலாளியே செய்தது போலக் கணக்கில் நிற்கும். செஷன் யூசரைக் கேட்க வேண்டும். பல இணைப்புகளைச் சேர்த்து அனுப்பும் பூலர் வழியாக எல்லோரும் ஒரே லாகினில் வந்தால் அதுவும் போதாது, காசாளர் யார் என்பதை மென்பொருள்தான் தெரிவிக்க வேண்டும்.

ஃபங்ஷனுக்குள் எழுத்துத் துண்டுகளைக் கோத்து எஸ்க்யூஎல் கட்டளை உருவாக்கி ஓட்டுவதாக இருந்தால் மதிப்புகளை யூஸிங் வழியாக அனுப்புவது, பெயர்களை ஃபார்மட் வழியாக மேற்கோளிடுவது என்பது எல்லோரும் அறிந்ததே.

கடைசியாக, எந்த இயந்திரமும் சொல்ல முடியாத ஒன்று: இந்த ஃபங்ஷனுக்கு ஏன் உயர்ந்த உரிமை தேவைப்பட்டது?

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு இடங்களையும் ஒப்பிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் அளவுகோல்கள் இவை.

முதலாவது, விதி மீறப்பட்டால் யாருக்காவது தெரிய வருமா? இதை மற்ற எல்லாவற்றையும்விட மேலே வைக்கிறேன். பாதுகாப்பு விதி மீறப்படும்போது பெரும்பாலும் எதுவும் உடையாது. கடை வழக்கம் போல நடக்கும்.

இரண்டாவது, ஒருவர் ஃபங்ஷனைத் திருத்தும் அந்த நேரத்தில் விதி அவர் கண்ணில் படுமா?

மூன்றாவது, காரணம் சொல்ல அங்கே இடம் இருக்கிறதா? காரணம் தெரியாத விதியை அடுத்தவர் தயங்காமல் நீக்கிவிடுவார்.

நான்காவது, யார் யார் படிக்க முடியும்? உள்ளே வந்த திருடருக்கும் அது வழிகாட்டியாகிவிடக் கூடாது.

ஐந்தாவது, ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் கூடவே வருமா? நம் ஊரில் இதற்கு எடை அதிகம். அழகப்பா கல்லூரிகளில் படித்துவிட்டு நம்மிடம் வேலை பழகும் பிள்ளைகள், சென்னைக்கோ பெங்களூருக்கோ போவது இயல்பு. போகத்தான் செய்வார்கள், போக வேண்டும். அவர்கள் தலைக்குள் இருந்த விதி அவர்களோடு பஸ் ஏறிவிடக் கூடாது.

## ஒன்று: தனி ஆவணம்

கூகுள் டாக்கோ, விக்கியோ, அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய தாளோ.

இதன் பலம், விரிவாக எழுத முடிவது. மேலே சொன்ன தற்காலிக டேபிள் தாக்குதலைப் படிப்படியாக விளக்கலாம். கணினி தெரியாத கடை முதலாளிகூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம். வாடிக்கையாளர்களில் ஒருவர் மைஎஸ்க்யூஎல், இன்னொருவர் போஸ்ட்கிரெஸ் என்றால், இரண்டுக்குமான வேறுபாட்டைச் சொல்ல வேறு இடமே கிடையாது. படிக்கும் அனுமதியையும் நாமே தீர்மானிக்கலாம்.

ஆனால் திருத்துகிற நேரத்தில் அது கண்ணில் படாது. இரவு ஒன்பது மணிக்கு தேவகோட்டைக் கிளையிலிருந்து "வட்டி தப்பா வருது" என்று போன் வந்தால், ஃபங்ஷனைத் திறந்து திருத்துகிறவர் விக்கியைத் திறக்க மாட்டார். பதிப்பு மாறும்போதும் ஆவணம் தானாக மாறாது. 14-ஆம் பதிப்பில் எஸ்க்யூஎல் மொழி ஃபங்ஷன்களின் உடலைப் பிகின் அட்டாமிக் என்று எழுதும் முறை வந்தது. அதில் பெயர்கள் எந்த டேபிளைக் குறிக்கின்றன என்பது உருவாக்கும்போதே முடிவாகிவிடும், ஓடும்போது சர்ச் பாத் அதை மாற்ற முடியாது. அதற்கு முன் எழுதிய ஆவணத்தில் இது இருக்காது. ஆவணத்தைப் புதுப்பிக்க ஒருவர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஒருவர் வேலை மாறிவிட்டால் முடிந்தது.

எப்போது இது சரி? புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க. வாடிக்கையாளரோ தணிக்கையாளரோ எழுத்தில் கேட்கும்போது. அந்த இரண்டுக்கும் ஒரு பக்கம் போதும். இருபது பக்க ஆவணத்தை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

## இரண்டு: மைக்ரேஷன் கோப்பின் தலைக்குறிப்பு

ஃபங்ஷனை உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பின் தலையில், அல்லது ஃபங்ஷன் உடலுக்கு மேலே, குறிப்பாக எழுதுவது. பெரும்பாலான குழுக்கள் செய்வது இதைத்தான்.

திருத்துகிறவர் கண்ணில் படும். நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் வரலாற்றில் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதும் தங்கும். மாற்றத்தை இன்னொருவர் பார்வையிடும் பழக்கம் இருந்தால், பார்வையிடுபவருக்கும் சட்டென்று கை கொடுக்கும். செலவும் கிட்டத்தட்டக் கிடையாது.

மறைந்திருக்கும் சிக்கல், மைக்ரேஷன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில் இருக்கிறது. முதல் கோப்பில் அழகான தலைக்குறிப்போடு ஃபங்ஷன் பிறந்திருக்கும். எட்டு மாதம் கழித்து இன்னொரு கோப்பு அதை மாற்றி எழுதும். அந்தக் கோப்பில் குறிப்பு இருக்காது.

இங்கேதான் போஸ்ட்கிரெஸின் ஒரு நடத்தையை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கொடுத்தால் உரிமையாளரும் அனுமதிகளும் அப்படியே நிற்கும். மற்ற பண்புகள் எல்லாம் புதுக் கட்டளையில் உள்ளபடி மாறிவிடும். புதுக் கட்டளையில் செக்யூரிட்டி டிஃபைனர் என்று எழுத மறந்தால் காசாளருக்கு உடனே "அனுமதி இல்லை" என்று வரும், போன் வரும், சரி செய்துவிடுவோம். சர்ச் பாத் வரியை மறந்தால் எந்தச் சத்தமும் வராது. ஃபங்ஷன் முன்பு போலவே சரியான விடை கொடுக்கும், பூட்டு மட்டும் கழன்றிருக்கும். ஒரு மைக்ரேஷனில் ஆல்ட்டர் ஃபங்ஷன் வழியாகச் சர்ச் பாத்தைத் தனியாகச் சேர்த்திருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் அந்த வரி ஃபங்ஷன் உடல் இருக்கும் கோப்பிலேயே இல்லை.

அப்புறம் இன்னொன்று. ஃபங்ஷனுக்கு ஒரு அளவுருவைக் கூட்டி, அதே பெயரில் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கொடுத்தால் பழையது மாற்றப்படாது. புதிதாக இரண்டாவது ஃபங்ஷன் உருவாகும். பழையது தன் பழைய அனுமதிகளோடு உயிரோடு இருக்கும். கோப்பை மட்டும் படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. டேட்டாபேஸைக் கேட்டால்தான் தெரியும்.

எப்போது இது சரி? எல்லா ஃபங்ஷன்களையும் தனித்தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு வெளியீட்டிலும் அதே கோப்பையே மறுபடி ஓட்டும் முறையில் வேலை செய்கிறீர்கள் என்றால் தலைக்குறிப்பு நன்றாக உழைக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே கோப்பு, அதற்கு ஒரே குறிப்பு. மைக்ரேஷன்களை அடுக்கும் முறை என்றால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

## மூன்று: டேட்டாபேஸுக்குள் கமென்ட்

கமென்ட் ஆன் ஃபங்ஷன் என்ற கட்டளையால் ஒவ்வொரு ஃபங்ஷனோடும் ஒரு குறிப்பை ஒட்டி வைக்கலாம். தமிழிலேயே எழுதலாம். இந்த வசதி எத்தனையோ வருடமாக இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள் குறைவு. எனக்கு இதில் அக்கறை அதிகம், காரணம் சொல்கிறேன்.

குறிப்பு ஃபங்ஷனோடு பயணம் செய்கிறது. பிஜி டம்ப் என்ற கருவியால் நகல் எடுத்து வேறு சர்வரில் ஏற்றினாலும் கூடவே போகும். வாடிக்கையாளர் நாளைக்கு வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டால், நம் கிட் களஞ்சியம் அந்த ஆளுக்குக் கிடைக்காமல் போகலாம். டேட்டாபேஸ் கிடைக்கும், அதோடு குறிப்பும் கிடைக்கும். பள்ளத்தூரில் ஒரு கடையின் மூலையில் இருக்கும் சர்வரை முதல்முறையாகத் திறந்து பார்க்கும் அந்நியருக்கு இதைவிட நல்ல வரவேற்பு இல்லை.

ஒரு நல்ல கமென்ட் எப்படி இருக்கும்? வட்டித் தள்ளுபடிக்கு இப்படி எழுதலாம்: "காசாளருக்குக் கடன் டேபிளில் திருத்தும் உரிமை கிடையாது, அதனால் உரிமையாளர் உரிமையில் ஓடுகிறது. காசாளர் ரோல் மட்டும் கூப்பிடலாம். தள்ளுபடி வரம்பு, வரம்பு டேபிளிலிருந்து வருகிறது. சர்ச் பாத் வரியை நீக்கினால் வரம்பை யாரும் ஏமாற்றலாம்." நான்கு வரி. ஏன், யார், எது வரை, எதைத் தொடக் கூடாது.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, கமென்டுகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்த டேட்டாபேஸில் நுழைந்த எவரும் எல்லாக் கமென்டையும் படிக்கலாம். போஸ்ட்கிரெஸின் கையேடே இதை எச்சரிக்கிறது. எனவே "இதில் இன்னும் சரிசெய்யாத ஓட்டை இருக்கிறது" என்பதை இங்கே எழுதவே கூடாது. விதியை எழுதலாம், பலவீனத்தை எழுதக் கூடாது. (ஃபங்ஷனின் மூல நிரலும் அதேபோல் எல்லோருக்கும் தெரியக்கூடியதுதான். உள்ளே கடவுச்சொல் எழுதி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.)

இரண்டாவது, ரீப்ளேஸ் செய்யும்போது கமென்ட் அப்படியே நிற்கும். ஃபங்ஷன் மாறிய பிறகும் பழைய குறிப்பு "சர்ச் பாத் பூட்டியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் மேலே உள்ள உதாரணத்தில் பூட்டியிருக்கிறது என்று எழுதவில்லை, நீக்கினால் என்ன ஆகும் என்று எழுதினேன். நிலையைச் சோதனை சொல்லட்டும். காரணத்தைக் கமென்ட் சொல்லட்டும்.

ஃபங்ஷனை ட்ராப் செய்து மறுபடி உருவாக்கினால் கமென்ட் போய்விடும். திரும்பத் தரும் வகையை மாற்ற ட்ராப் செய்தே ஆக வேண்டும் என்பதால் இது நடக்கத்தான் செய்யும். அதே ட்ராப்பில், நாம் பறித்து வைத்திருந்த அனுமதியும் போய், எல்லோரும் கூப்பிடலாம் என்ற இயல்பு நிலை திரும்பிவிடும். இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. ஆக, கமென்ட் இல்லாத செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் ஒன்று கண்ணில் பட்டால், அதன் அனுமதிகளை உடனே பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஏதோ நடந்திருக்கும்.

## நான்கு: ஓட்டிப் பார்க்கும் சோதனை

விதியைச் சொல்லாக எழுதாமல், மீறினால் சிவப்பு காட்டும் நிரலாக எழுதுவது. இதில் இரண்டு வகை.

முதல் வகை, டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் சிஸ்டம் கேட்டலாக்கைக் கேட்பது. பிஜி ப்ராக் டேபிளில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வரி உண்டு. உரிமையாளர் உரிமையில் ஓடுகிறதா, வரையறையோடு ஒட்டிய அமைப்புகள் என்ன, உரிமையாளர் யார் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரே ஒரு வினவலால் கேட்டுவிடலாம்: செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன்களில் சர்ச் பாத் அமைக்காதவை எவை, பிஜி டெம்ப் கடைசியில் இல்லாதவை எவை, சூப்பர்யூசருக்குச் சொந்தமானவை எவை, எல்லோரும் கூப்பிடக்கூடியவை எவை, கமென்ட் இல்லாதவை எவை? வினவல் ஒரு வரியும் திருப்பித் தரக் கூடாது. தந்தால் வெளியீடு நிற்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லோரும் கூப்பிடலாமா என்பதை அனுமதிப் பட்டியல் நெடுவரிசையை நேராகப் படித்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அனுமதியை யாரும் தொடாத ஃபங்ஷனுக்கு அந்த நெடுவரிசை வெறும் NULL ஆக (மதிப்பே இல்லாமல்) இருக்கும், அந்த NULL-க்குப் பொருளோ "எல்லோரும் கூப்பிடலாம்" என்பது. மிக ஆபத்தானவையே பட்டியலில் வராமல் போகும். ஹேஸ் ஃபங்ஷன் பிரிவிலெஜ் என்ற உள்ளமைந்த ஃபங்ஷனுக்குப் பப்ளிக் என்ற பெயரைக் கொடுத்துக் கேட்டால் சரியான பதில் வரும். அதோடு, எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் தொகுப்புகள்) கொண்டுவரும் ஃபங்ஷன்களை விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் நிறையச் சத்தம், அப்புறம் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் வகை, தாக்குதலையே நடத்திப் பார்ப்பது. காசாளர் ரோலாக மாறி, வரம்பு டேபிள் பெயரில் பெரிய வரம்போடு தற்காலிக டேபிள் உருவாக்கி, எல்லோருக்கும் படிக்கும் உரிமை கொடுத்து, 5,000 ரூபாய் தள்ளுபடி கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால் பச்சை. பிஜிடாப் என்ற சோதனைக் கருவி இதற்கு வசதி. எல்லாம் ஒரு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடி, கடைசியில் திரும்பப் பெறப்படும். ஃபங்ஷன் டிஃபைனரா, உரிமையாளர் யார், யாருக்கு என்ன உரிமை என்று கேட்கும் தயார் சோதனைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு விளக்க வரி எழுத இடம் இருக்கிறது. "தற்காலிக டேபிளால் தள்ளுபடி வரம்பை மாற்ற முடியாது" என்று அங்கே எழுதினால், எழுதி வைத்த விதியும் அதைக் காக்கும் காவலும் ஒன்றாகிவிடுகின்றன.

சோதனைக்குள் செட் ரோல் கொடுத்து மாறினால் கரன்ட் யூசர் மாறும், செஷன் யூசர் மாறாது என்பதை நினைவில் வையுங்கள். செஷன் யூசரைப் பார்க்கும் ஃபங்ஷனைச் சோதிக்க, உண்மையாகவே அந்த லாகினில் நுழைய வேண்டும், அல்லது சூப்பர்யூசராக இருந்து செஷன் ஆதரைசேஷனை மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காத சோதனை பொய்யாகப் பச்சை காட்டும்.

செலவு? ஆரம்ப உழைப்பு நான்கிலும் இதற்குத்தான் அதிகம். தாக்குதல் சோதனை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனியாக எழுத வேண்டும். "ஏன்" என்ற கேள்விக்கும் இது பதில் தராது. ஒரு ஃபங்ஷன் டிஃபைனராக இருக்கவே தேவையில்லை என்பதை எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது, மனிதர்தான் சொல்ல வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனி ஆவணம் | தலைக்குறிப்பு | கமென்ட் | சோதனை |
|---|---|---|---|---|
| மீறல் தெரிய வருமா | வராது | பார்வையிடுபவர் கவனித்தால் | கமென்ட் காணாமல் போனால் மட்டும் | உடனே |
| திருத்தும்போது கண்ணில் படுமா | படாது | அதே கோப்பு என்றால் | கருவியில் பார்த்தால் | வெளியீட்டின்போது |
| காரணம் சொல்ல இடம் | தாராளம் | போதுமானது | சில வரிகள் | விளக்க வரி மட்டும் |
| யார் படிக்கலாம் | நாம் அனுமதிப்பவர் | களஞ்சிய அனுமதி உள்ளவர் | டேட்டாபேஸில் நுழைந்த எவரும் | களஞ்சிய அனுமதி உள்ளவர் |
| கை மாறினால் | தொலையலாம் | கிட்டோடு | டேட்டாபேஸோடு | கிட்டோடு |
| தொடக்க உழைப்பு | நடுத்தரம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் |

## யாருக்கு எது

தனி ஆளாக ஒன்றிரண்டு கடைகளுக்கு வேலை செய்கிறீர்கள் என்றால், கேட்டலாக் வினவல் ஒன்றும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு கமென்டும் போதும். தனி ஆவணம் எழுத உட்கார வேண்டாம். அந்த நேரத்தில் வினவலை எழுதுங்கள். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றாலும் அந்த வினவலையே சொல்வேன். மற்ற மூன்றும் ஒருவர் படிப்பதை நம்பியிருக்கின்றன.

மூன்று நான்கு பேர், அதில் இருவர் புதியவர்கள் என்றால், வினவலை வெளியீட்டுப் பாதையிலேயே வைத்துவிடுங்கள். பணத்தைத் தொடும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் தாக்குதல் சோதனை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் எழுத ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். புதியவர்களுக்கு ஒரு பக்க ஆவணம் கொடுங்கள், ஆனால் அந்தத் தாக்குதல் சோதனையை அவர்களையே ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். தற்காலிக டேபிளால் வரம்பு உடைவதைத் தன் கண்ணால் பார்த்தவர் சர்ச் பாத் வரியை மறக்க மாட்டார்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர் ஒருவருக்கு முன்பதிவு மென்பொருள் எழுதி, ஒப்படைத்துவிட்டு வந்துவிடும் வேலை என்று வையுங்கள். சோதனைகள் உங்கள் மடிக்கணினியில்தான் இருக்கும். அங்கே கமென்டுக்கு முதலிடம். கேட்டலாக் வினவலையும் அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு வியூவாக (சேமித்து வைத்த வினவல்) விட்டுவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவர் அதைத் திறந்தாலே நிலைமை தெரியும்.

வங்கியோ பெரிய வாடிக்கையாளரோ எழுத்தில் ஆவணம் கேட்டால், கையால் எழுதாதீர்கள். கமென்டுகளையும் அனுமதிகளையும் கேட்டலாக்கிலிருந்து எடுத்து, அன்றைய தேதியோடு ஆவணமாக உருவாக்கும் ஒரு வினவல் எழுதிவிடலாம். அப்படி வரும் ஆவணம் டேட்டாபேஸில் உள்ளதையே சொல்லும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் இந்த வினவலை முதன்முறை ஓட்டினால் நீளமாகவே பட்டியல் வரலாம். திருத்தும் வரிசை முக்கியம். எல்லோரிடமிருந்தும் உரிமையைப் பறிப்பதற்கு முன், எந்த ரோல்கள் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகின்றன என்று பார்த்து, அவர்களுக்குக் கொடுப்பதையும் அதே ட்ரான்ஸாக்‌ஷனில் சேருங்கள். இல்லாவிட்டால் கவுன்ட்டர் நின்றுவிடும். கல்யாண முகூர்த்தங்களுக்கு முந்திய வாரங்களில் நகை மீட்கக் கூட்டம் நிற்கும் கடையில் இதைச் செய்ய வேண்டாம், கடை அடைத்த பிறகு செய்யுங்கள். இனி உருவாகும் ஃபங்ஷன்களுக்கும் சேர்த்து இயல்பு அனுமதியை மாற்ற நினைத்தால், ஆல்ட்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ் கட்டளையை ஸ்கீமா பெயர் சொல்லாமல் கொடுக்க வேண்டும். ஸ்கீமா அளவில் கொடுத்தால் பொதுவாக உள்ள அனுமதியை அது பறிக்காது. ஃபங்ஷன்களை உருவாக்கும் ரோல் எதுவோ அந்த ரோலுக்கு இதைச் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம்.

பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிய ஒவ்வொரு முறையும் வினவலை மறுபடி ஓட்டுங்கள். உரிமையாளரும் அனுமதியும் வேண்டாம் என்ற தேர்வுகளோடு ஏற்றுவது சோதனைக் கணினிகளில் வழக்கம். அப்படி சூப்பர்யூசராக ஏற்றினால், எல்லா டிஃபைனர் ஃபங்ஷன்களும் சூப்பர்யூசருக்குச் சொந்தமாகி, எல்லோரும் கூப்பிடக்கூடியவையாக நிற்கும். அந்தக் கணினியில் வாடிக்கையாளர்களின் உண்மையான பெயரும் நகைக் கணக்கும் இருந்தால், அதையும் கடை சர்வரைப் போலவே பாருங்கள்.